முப்பத்தைந்துக்குக் கீழே: வெயில் நாட்டில் உடல் வெப்பத் தாழ்வும் இதய மருந்துகளும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி என்று விரியும் வானம் பார்த்த பூமியில், உடல் குளிர்ந்து இதயம் தளர்வது ஒரு மருத்துவச் சிக்கலே அன்று என்னும் கருத்து பொதுமக்களிடம் மட்டுமன்றி மருத்துவமனைச் சுவர்களுக்கு உள்ளேயும் வேரூன்றியிருக்கிறது. அக்கருத்தை அதன் முழு வலுவோடு எடுத்துரைத்த பிறகே மறுப்பது முறை. ஆண்டின் பெரும்பகுதி வெயில் கொளுத்தும் வட்டாரத்தில் மருத்துவர் அஞ்ச வேண்டியது வெப்பத்தாக்குக்கும் காய்ச்சலுக்குமே தவிர குளிருக்கு அன்று என்பது அதன் முதல் வாதம். மருந்தின் அளவு எடைக்கும் வயதுக்கும் சிறுநீரகத்தின் நிலைக்கும் ஏற்ப மாறுமே அன்றி உடலின் வெப்பநிலைக்கு ஏற்ப மாறாது என்பதும், நாடி தளர்ந்தால் அட்ரோபின், இரத்த அழுத்தம் விழுந்தால் அட்ரினலின், பலிக்காவிட்டால் மறுபடியும் அதுவே என்பதும் இரண்டாவது. மாற்றுக் கருத்துகள் எல்லாம் பனிமலையில் புதையுண்டவர்களையும் ஆய்வுக்கூட விலங்குகளையும் கொண்டு சொல்லப்பட்டவை, அவற்றிலும் ஐரோப்பிய வழிகாட்டி ஒன்றும் அமெரிக்க வழிகாட்டி வேறொன்றும் கூறுகின்றன, ஆகவே நெருக்கடி நேரத்தில் பழகிய முறையே பாதுகாப்பானது என்பது மூன்றாவது. இவற்றுள் கடைசி வாதத்துக்கு ஓரளவு மதிப்புண்டு. முதலிரண்டும் ஆராய்ந்தால் நிற்பவை அல்ல.

மறுப்புக்குள் செல்லுமுன் அளவுகளைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தோலின் சூட்டை விட்டுவிட்டு இதயம், மூளை, ஈரல் ஆகியவை இருக்கும் உடலின் உட்பகுதியின் வெப்பநிலையை மைய வெப்பநிலை என்பர். வளர்ந்தவர்களுக்கு அது 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதே உடல் வெப்பத் தாழ்வு, அதாவது ஹைப்போதெர்மியா எனப்படும். 32 வரை லேசானது என்றும், 32க்கும் 28க்கும் இடைப்பட்டது நடுத்தரமானது என்றும், 28க்குக் கீழ்ப்பட்டது கடுமையானது என்றும் வகுப்பது வழக்கம். சிசுக்களுக்கு அளவுகோல் இன்னும் இறுக்கமானது: உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 36.5க்குக் கீழே இறங்கினாலே குழந்தை குளிர்ந்துவிட்டது என்று பொருள்.

1. வெயில் நாட்டில் குளிர் ஏது என்று கேட்பவர்கள், ஊரின் வெப்பத்தையும் உடலின் வெப்பத்தையும் ஒன்றாகக் கருதிவிடுகிறார்கள். உடல் வெப்பத்தை இழப்பதற்குச் சுற்றியுள்ள காற்றோ நீரோ தன்னைவிடக் குளிர்ந்திருந்தால் போதும். பனி பெய்ய வேண்டியதில்லை. ஆடையின்றி அசையாமல் கிடக்கும் வளர்ந்த மனிதரின் உடல், கூடுதல் வெப்பத்தை உண்டாக்காமல் தன் நிலையைக் காத்துக்கொள்ள ஏறத்தாழ 28 டிகிரிச் சூடுள்ள காற்று வேண்டும். துணி சுற்றப்படாத பச்சிளங்குழந்தைக்கு 32 டிகிரிக்கும் மேல் வேண்டும். பெரியவர்கள் விசிறிக்கு ஏங்கும் பிரசவ அறையே, நனைந்த உடலோடு பிறந்த சிசுவுக்குக் குளிர் அறையாகிறது. பீகாரை ஒட்டிய நேபாளச் சமவெளியில் உள்ள சர்லாஹி மாவட்டத்தில் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளை அளந்து 2010இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் 36.5 டிகிரிக்குக் கீழே சென்றிருந்தன. ஆண்டின் மிக வெப்பமான காலத்திலும்கூட, பிறந்த முதல் நாளில் அளக்கப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று 36க்கும் கீழே இருந்தது. வெயில் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நேரான மறுப்பு தேவையில்லை.

வளர்ந்தவர்களின் கணக்கும் வேறன்று. இவ்வட்டாரத்தின் பாசனக் கிணறுகள் ஆழமானவை. நீருக்குள் அசையாமல் இருக்கும் உடல் தன் சூட்டைக் காக்க 33 டிகிரிக்குக் குறையாத நீர் வேண்டும், கிணற்று நீரோ அதைவிடக் குளிர்ந்தது, அதோடு நீர் காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவது. தவறி விழுந்து மோட்டார் குழாயைப் பற்றியபடி இரவெல்லாம் கிடந்தவரின் உடல் எப்படியிருக்கும் என்று ஊகிக்கப் பனிமலை தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குடிபோதையில் கண்மாய்க் கரையில் விழுந்து கிடப்பவர், சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் தறியில் உட்கார்ந்து இரத்தச் சர்க்கரை இறங்கிச் சில்லிட்டுப்போகும் முதியவர், தைராய்டு சுரப்புக் குறைந்தும் மருந்தை நிறுத்திவிட்ட மூதாட்டி, கிருமித் தொற்று இரத்தத்தில் பரவிய பிறகு காய்ச்சலுக்கு மாறாகக் குளிர்ந்துபோகும் நோயாளி என்று பட்டியல் நீளும். வெப்பத்தாக்குக்கு ஆளானவரை ஐஸ் கட்டிகளால் குளிர்விக்கும்போது, 39 டிகிரியை ஒட்டி நிறுத்தாமல் தொடர்ந்தால் அவரும் இப்பட்டியலில் சேர்வார். குளிரூட்டிய அறுவை அரங்கில் மயக்கம் கொடுக்கப்பட்ட முதல் ஒரு மணி நேரத்திலேயே மைய வெப்பநிலை ஒன்று முதல் ஒன்றரை டிகிரி வரை இறங்குவது மயக்கவியலில் பாடமாகவே சொல்லப்படுவது; அரங்கின் வெளியே எத்தனை டிகிரி வெயில் என்பது அங்கே பொருட்டன்று.

அப்படியானால் இத்தகைய நோயாளிகள் ஏன் கண்ணில் படுவதில்லை? விடை மேசை மேலேயே இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி வெப்பமானியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், அதன் அடிக்கோடு 35 டிகிரியில், அல்லது பாரன்ஹீட் அளவில் 94, 95இல் தொடங்கும். நோய் தொடங்கும் இடத்தில் கருவி முடிந்துவிடுகிறது. பாதரசம் அக்கோட்டைத் தாண்டி ஏறாவிட்டால் பதிவேட்டில் ஏறுவது ‘காய்ச்சல் இல்லை’ என்ற சொற்களே. மின்னணுக் கருவி ‘லோ’ என்று காட்டினால் அதைப் பேட்டரிக் கோளாறு என்று ஒதுக்கிவிடுவது எளிது. அளக்க முடியாத கருவியால் அளந்துவிட்டு, இங்கே அந்நோய் இல்லை என்று முடிவு கட்டுவது தர்க்கம் ஆகாது.

2. நாடி தளர்ந்தால் அட்ரோபின் என்பது விதியா, பழக்கமா? கரிசல் காட்டு மருத்துவமனைகளில் அட்ரோபினுக்கு உள்ள மதிப்பு காரணமற்றதன்று. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்தைக் குடித்து வருபவருக்கு, உடலில் அசிட்டைல்கோலின் என்னும் நரம்புச் சுரப்பு சிதையாமல் தேங்குகிறது. அது இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் வேலையைப் பன்மடங்காக்கி நாடியைத் தளர்த்துகிறது. அட்ரோபின் அச்சுரப்பு சென்று ஒட்டும் இடத்தை அடைத்துவிடுவதால் நாடி எழுகிறது. மஞ்சள் அரளி விதையைத் தின்றவருக்கோ காரணம் வேறு: அவ்விதையின் கிளைக்கோசைடு இதயச் செல்லின் சோடியம்-பொட்டாசியம் பம்பை நேரடியாக முடக்குகிறது, அட்ரோபின் அங்கே ஓரளவே உதவும், உரிய முறிவு, அக்கிளைக்கோசைடை ஒத்த டிஜாக்சின் என்னும் இதய மருந்துக்கு எதிரான நோயெதிர்ப்புப் புரதமே என்பதை இலங்கையில் நடத்தப்பட்டு 2000இல் வெளியான ஆய்வு நிறுவியது. ஆகவே தளர்ந்த நாடிக்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கலாம் என்பதை இவ்வட்டாரத்து மருத்துவர் எவரும் மறுக்கப்போவதில்லை.

குளிர்ந்த உடலின் தளர்ந்த நாடி மூன்றாவது வகையைச் சேர்ந்தது. இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவின் செல்கள், தம் சவ்விலுள்ள அயனி வாயில்கள் குளிரால் மந்தமாவதால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே மின்னூட்டத்தைத் திரட்டக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கின்றன. வேகஸ் நரம்பு இங்கே குற்றவாளி அன்று. ஆகவே அதன் பிடியை விடுவிக்கும் அட்ரோபினுக்கும் இங்கே வேலை இல்லை. 28 டிகிரியில் நாடி ஏறத்தாழப் பாதியாகிறது. ஒவ்வொரு டிகிரி இறக்கத்துக்கும் உடலின் ஆக்சிஜன் தேவையும் ஆறு ஏழு சதவீதம் குறைந்து, அதே 28இல் அதுவும் பாதிக்கு வந்து நிற்கிறது. தேவைக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொண்ட இதயத்தைப் பழைய வேகத்துக்கு விரட்டுவதால் நோயாளிக்கு என்ன ஆதாயம் என்ற கேள்விக்கு, ‘நாடி குறைவாக இருந்தது’ என்பது விடை ஆகாது.

பூச்சி மருந்தின் நஞ்சும் குளிரும் ஒரே உடலில் கூடும்போது சிக்கல் கூர்மையாகிறது. கடுமையான ஆர்கனோபாஸ்பேட் நஞ்சில் முதல் சில மணி நேரங்களில் உடல் வெப்பநிலை இறங்குவதுண்டு. அட்ரோபின் மிகும்போது பின்னர் ஏறுவதும் உண்டு. அட்ரோபின் போதுமா என்பதை அறிய நுரையீரலில் நீர்க்கோப்பு நீங்கியதா, இரத்த அழுத்தம் தேறியதா, நாடி எண்பதைத் தாண்டியதா என்று பார்ப்பது வழக்கமான முறை. நனைந்த உடையோடு கொண்டுவரப்பட்டு 32 டிகிரியில் கிடப்பவரிடம் நாடி எண்பதைத் தொடாததற்கு நஞ்சு காரணமா, குளிர் காரணமா என்று பிரித்தறியாமல் ஆம்பூல்களை உடைத்துக்கொண்டே போனால், உடல் சூடேறும்போது அத்தனை அட்ரோபினும் ஒருசேர வேலை செய்யத் தொடங்கும். அங்கே நம்ப வேண்டியது நுரையீரலின் ஒலியை, நாடிக் கணக்கை அன்று.

இ.சி.ஜி. தாளிலும் இதே குழப்பம் உண்டு. குளிர்ந்த இதயத்தில், கீழறைகளின் தூண்டலைக் காட்டும் கியூஆர்எஸ் அலையின் முடிவில் ஒரு சிறு திமில் எழும். 1953இல் நாய்களிடம் அதை விரிவாக ஆராய்ந்த ஜான் ஆஸ்பார்ன் பெயரால் அது ஆஸ்பார்ன் அலை எனப்படுகிறது. அதை மாரடைப்பின் அடையாளம் என்று கருவியும் தவறாகப் படிக்கலாம், மனிதரும் தவறாகப் படிக்கலாம். அதை நம்பி இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றப்பட்டால், குளிரால் ஏற்கெனவே உறைதிறன் குன்றிய இரத்தம் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

3. ‘பலிக்கவில்லை என்றால் இன்னும் கொடு’ என்பதைப்போல் ஆபத்தான கட்டளை இத்துறையில் வேறில்லை. அட்ரினலின் இதயத்தசையின் சுருங்குதிறனையும் இரத்தக் குழாய்களின் இறுக்கத்தையும் ஒருங்கே கூட்டும் மருந்து. நார்வேயின் ட்ரோம்சோ ஆய்வாளர்கள் குளிர்விக்கப்பட்ட எலிகளில் கண்டது, இவ்விரண்டும் குளிரில் ஒன்றுபோல் நடப்பதில்லை என்பதையே: சூடான இதயத்துக்கு ஊக்கமாக இருக்கும் அளவு, குளிர்ந்த உடலில் குழாய்களின் தடையை மட்டும் ஏற்றிவிட்டு, இதயம் வெளியேற்றும் இரத்தத்தைக் கூட்டாமல் விடக்கூடும். அதாவது சுமை ஏறுகிறது, சுமப்பவரின் வலு ஏறுவதில்லை. 28 டிகிரிக்குக் கீழே சிறு அசைவுக்கே கீழறை நடுக்கத்தில் விழத் தயாராக இருக்கும் இதயத்துக்கு, அதாவது சீராகச் சுருங்காமல் வெறுமனே துடிதுடிக்கும் நிலைக்கு மிக அருகில் இருக்கும் இதயத்துக்கு, அந்தச் சுமை எத்தகையது என்பதை எடைபோட வேண்டும். அந்நடுக்கத்தை அடக்க வழக்கமாகக் கொடுக்கும் அமியோடரோனும், குளிர்விக்கப்பட்ட நாய்களில் செய்த சோதனையில் கைகொடுக்கவில்லை.

இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. மருந்து உடலை விட்டு நீங்குவது ஈரலின் நொதிகளாலும் சிறுநீரகத்தாலும். நொதிகளின் வேகம் வெப்பநிலையைச் சார்ந்தது. குளிரில் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் இரத்தமும் குறைகிறது. வரத்துக்கால் வழக்கம்போல் திறந்திருக்க, மடை மட்டும் அடைபட்ட கண்மாயின் நிலைதான் அவ்வுடலின் நிலை. இந்த முறை பலிக்கவில்லை என்று கருதப்பட்ட ஒவ்வொரு ஊசியும் உள்ளேயே இருக்கிறது. உடல் 32, 33 என்று சூடேறும் நேரத்தில், கணக்கில் வராத அந்த மொத்தமும் இதயத்தின் மீது இறங்குகிறது. மருந்துக்கு இதயம் மறுமொழி தரவில்லை என்பதை உயிர் போய்விட்டதற்குச் சான்றாகக் கொள்வதும் இதே பிழையின் மறுபக்கம்: 1999இல் நார்வேயில் பனிநீரில் சிக்கி 13.7 டிகிரி வரை குளிர்ந்த மருத்துவர் ஒருவர், இதய-நுரையீரல் இயந்திரத்தால் சூடேற்றப்பட்டுப் பிழைத்திருக்கிறார்.

4. எடைக்கு ஏற்ற அளவு போதும் என்பவர்கள் அறுவை அரங்கின் எண்களுக்கு விடை சொல்ல வேண்டும். தசைகளைத் தளர்த்தும் வெக்குரோனியம் என்னும் மருந்தின் செயல்நேரம், உடல் வெப்பநிலை இரண்டு டிகிரி மட்டுமே குறைந்தபோது இரட்டிப்புக்கும் மேல் நீண்டது. தொடர்ந்து ஏற்றப்பட்ட புரோப்போபால் என்னும் மயக்க மருந்தின் இரத்த அளவு, 34 டிகிரியில் கால்பங்குக்கு மேல் கூடியது. எடை மாறவில்லை, வயது மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. மூச்சுத்திணறலோடு பிறந்த குழந்தைகளை மூளையைக் காக்கும் நோக்கில் 33.5 டிகிரிக்குக் குளிர்விக்கும் சிகிச்சையில், மார்ஃபின் என்னும் வலிநீக்கி மருந்து வழக்கமான வேகத்திலேயே செலுத்தப்பட்டும் இரத்தத்தில் தேங்கியது பதிவாகியிருக்கிறது. கீழறைகள் தூண்டப்பட்டு மீண்டும் பழைய நிலைக்கு வர எடுக்கும் நேரமாகிய இ.சி.ஜி.யின் கியூடி இடைவெளியைக் குளிர் நீட்டும். அதை நீட்டக்கூடிய ஹாலோபெரிடால், ஆன்டான்செட்ரான், அசித்ரோமைசின் போன்றவற்றைக் குளிர்ந்தவருக்குக் கொடுப்பது ஒரே குழியை இரு பக்கமும் தோண்டுவது. பொட்டாசியம் குளிரில் செல்களுக்குள் ஒதுங்கிவிடுவதால் பரிசோதனையில் குறைவாகத் தெரியும். அதைக் கண்டு அவசரமாக ஏற்றினால், சூடேறும்போது அது வெளியே வந்து அளவு மீறும். இன்சுலினும் ஆழ்ந்த குளிரில் சரிவர வேலை செய்யாது, பின்னர் ஒருசேர வேலை செய்யும்.

5. ‘சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவே’ என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதை மழுப்பக் கூடாது. இதயம் நின்றுபோனவரின் வெப்பநிலை 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் அட்ரினலினை நிறுத்திவைக்கவும், 30க்கு மேல் வந்தபின் இரு ஊசிகளுக்கு இடையேயான நேரத்தை 3–5 நிமிடத்திலிருந்து 6–10 நிமிடமாக இரட்டிக்கவும், நடுக்கத்தை நிறுத்த மூன்று மின்னதிர்ச்சி பலிக்காவிட்டால் 30ஐத் தாண்டும் வரை காத்திருக்கவும் ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது. அமெரிக்க இதயக் கழகமோ, சூடேற்றுவதோடு சேர்த்து வழக்கமான முறையில் மருந்து கொடுப்பதை ஏற்கத்தக்கதாகக் கருதுகிறது. முரண்பாடு உண்மையே. ஆனால் அம்முரண்பாடு எதைப் பற்றியது? சூடேற்றும்போது மருந்தையும் கொடுக்கலாமா என்பதைப் பற்றியதே தவிர, வெப்பநிலையைப் பார்க்காமலே கொடுக்கலாமா என்பதைப் பற்றியதன்று. அளக்காமல் மருந்து கொடுக்க இரண்டு வழிகாட்டியிலும் இடமில்லை.

அதேபோல், குளிரின் தீமையை மிகைப்படுத்துவோரும் தப்ப முடியாது. இதயநோய் அபாயமுள்ள 300 அறுவை நோயாளிகளை வைத்து 1997இல் வெளியான ஆய்வு, உடலைச் சூடாக வைத்திருந்தவர்களில் 1.4 சதவீதத்தினருக்கும், குளிர விட்டவர்களில் 6.3 சதவீதத்தினருக்கும் கடும் இதயக்கோளாறு நேர்ந்ததாகக் கண்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வோ, 35.5க்கும் 37க்கும் இடையே அத்தகைய வேறுபாடு எதையும் காணவில்லை. ஆகவே அரை டிகிரிக்கு அலறுவது அறிவியல் அன்று. 35க்குக் கீழே இறங்கிய பின்னும் அசையாதிருப்பதும் அறிவியல் அன்று.

மேலைநாட்டு அறிவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையும் நியாயமானதே. அதற்குச் சென்னையே சாட்சி. மேலைநாடுகளில் பலனளித்த சிசுக் குளிர்விப்பு முறையை இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில், சென்னை அரசு மருத்துவமனை உட்பட, 408 குழந்தைகளிடம் சோதித்து 2021இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில், குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 42 சதவீதமும் குளிர்விக்கப்படாதவற்றில் 31 சதவீதமும் இறந்தன. இதற்கு மருந்துகள்தாம் காரணம் என்று எவரும் நிறுவவில்லை, இக்கட்டுரையும் அப்படிச் சொல்லவில்லை. ஆயினும் குளிர்ந்த உடல் இங்கும் ஒரு தனி உடலே, அதற்கு இங்கேயே அளந்து பெற்ற எண்கள் வேண்டும் என்பதை அவ்வாய்வு காட்டிவிட்டது. உள்ளூர்ச் சான்று வேண்டும் என்று கேட்பவர், உள்ளூரில் அளக்காமலே விடுவதற்கு அக்கோரிக்கையைச் சாக்காக்கக் கூடாது.

6. ‘சூடேற்றினால் போயிற்று, அதற்கு இத்தனை ஆராய்ச்சியா’ என்பவர்களுக்கு ஒரு சொல். சில்லிட்ட கைகால்களில் சுக்குப்பொடி தேய்ப்பதும் வாயில் பிராந்தி ஊற்றுவதும் சூடேற்றுவது ஆகா: தேய்ப்பது தோலின் குழாய்களை விரித்துக் கைகால்களின் குளிர்ந்த இரத்தத்தை இதயத்துக்கு அனுப்பும், மது உடலின் வெப்பத்தை இன்னும் வெளியேற்றும். மருத்துவமனையின் பங்கும் குறைவன்று. அறைச் சூட்டில் உள்ள ஒரு லிட்டர் சலைன் பாட்டிலோ குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு யூனிட் இரத்தமோ, வளர்ந்தவரின் உடல் வெப்பநிலையை ஏறத்தாழக் கால் டிகிரி இறக்கும். திருச்சுழியிலிருந்து விருதுநகருக்கோ மதுரைக்கோ 108 ஊர்தியில், நனைந்த வேட்டியோடு, குளிர்சாதனத்தின் காற்றில், இரண்டு பாட்டில் ஏறியபடி போகும் நோயாளி, புறப்பட்ட நிலையைவிடக் குளிர்ந்தே போய்ச் சேர்வார். ஈர உடையைக் களைவதும், உடம்பைத் துவட்டிக் கம்பளியால் போர்த்துவதும், தூக்கிக் கிடத்தும்போது அதிராமல் கையாள்வதும், ஏற்றும் திரவத்தைச் சூடாக்கிக்கொள்வதும் எந்த மருந்துக்கும் முன்னால் வர வேண்டியவை.

கோரிக்கை பெரிதன்று. அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையிலிருந்து திருச்சுழி, நரிக்குடிப் பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரையிலும் 108 ஊர்திகளிலும் 35க்குக் கீழே படிக்கும் வெப்பமானி ஒன்று இருக்க வேண்டும். பூச்சி மருந்து, அரளி, கிணற்று விபத்து, சர்க்கரை இறக்கம் ஆகிய நான்கிலும் நாடிக்குப் பக்கத்தில் வெப்பநிலையும் எண்ணாகவே பதிவாக வேண்டும். இரண்டாவது அட்ரோபினையோ அட்ரினலினையோ செலுத்துமுன் அந்த எண்ணைக் கேட்கும் வழக்கம் வர வேண்டும். நோயாளியை அழைத்து வரும் உறவினரும் ‘காய்ச்சல் இருக்கிறதா’ என்று கேட்பதோடு நின்றுவிடாமல், ‘உடம்பின் சூடு எத்தனை டிகிரி’ என்று கேட்டு, விடையைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.